தொட்டால் நசுங்குமா?

கார் கதவுகளை மெருகேற்றும் அந்த இயந்திரக் கை, போன வாரம் ஒரு கதவை அழுத்திச் சப்பையாக்கிவிட்டது. அதை விசாரிக்கப் பாதுகாப்பு அதிகாரி விறைப்பாக வந்து நின்றார்.

"இரும்புக் கதவுக்கே இந்தக் கதின்னா, மனுஷன் என்ன ஆவான்?"

"இப்ப சரிபண்ணியாச்சு சார். எது மேல பட்டாலும் உடனே அழுத்தத்தைக் குறைச்சுக்கும்," என்றார் பெண் பொறியாளர்.

"வாயால சொன்னா போதுமா? கதவு இருக்கிற இடத்துல நானே நிக்கிறேன். லேசா வலிச்சாலும் இந்தப் பிரிவையே இழுத்து மூடிடுவேன்!"

வீராப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றதும் கண்களை இறுக மூடிக்கொண்டார். மனைவியின் முகம் வந்து போனது. பின்னால் சத்தமே காணோம்.

அப்போது தோளில் மெத்தென்று ஒரு கை பதிந்தது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தட்டிக்கொடுக்க நான் என்ன சின்னப்பிள்ளையா? கையை எடுங்கம்மா! போய் முதல்ல மெஷினை ஓட்டுங்க!"

"சார்..." சிரிப்பை அடக்கிக்கொண்ட பொறியாளரின் குரல் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. "நான் இங்க இருக்கேன். உங்க தோள்ல இருக்கிறது மெஷின்தான்."