பூஞ்சணம் படிந்த வில்லை

“கேற்றடியில ஆர் வந்து நிண்டது?” மனைவி தொலைபேசியை எடுத்ததுமே ரிஷிகேசன் கேட்டான்.

“பின்வீட்டு ரிஸ்னா,” என்றாள் தேனுகா. “பழைய சாமான் கடையில ஒரு ரெலஸ்கோப் கிடந்ததாம். எனக்கெண்டு எடுத்துக்கொண்டு வந்தவ.”

“அதை வச்சு என்ன செய்யப் போறாய்?”

“நிலவு பாக்கத்தான்.”

அவன் சிரித்தான். “பார், பார். ரோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கு அது நல்லம்.” மேலும் ஏதோ சொன்னான். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. வெறுங்காதிலும் தொலைபேசி வைத்த காதிலும் அந்தச் சத்தமே நிறைந்து, அவன் பேச்சு அமுங்கிப்போனது.

பாலையூற்றில் அது அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த மாடிவீடு. அவனுக்குச் சொந்த ஊர் மன்னார். கத்தாருக்கென்று புறப்பட்ட அன்று காலை கேற்றிலும் விறாந்தையிலும் குசினி வாசலிலும் கமெரா பொருத்திவிட்டுப் போனான். பத்து மாதமாகிறது.

முதலில் சந்தைக்குப் போக வேண்டாம் என்றான். பிறகு பாலர் பாடசாலை வேலையை விடச் சொன்னான். கடைசியில் நிலாவெளி அக்கா வீட்டுக்குப் போவதும் நின்றது. கேற்றுக் கொளுக்கியில் கை வைத்தால் இரண்டு நிமிடத்தில் தொலைபேசி அடிக்கும். மொட்டைமாடியில் மட்டும் கமெரா இல்லை.

தொலைநோக்கியை அவள் அங்கேதான் கொண்டுபோய் வைத்தாள். குழாயின் பித்தளை கறுத்திருந்தது. முன்வில்லையில் பூஞ்சணம் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. குவியப்படுத்தும் திருகு அசையவே மறுத்தது.

வானியலில் அவளுக்கு அரிச்சுவடியும் தெரியாது. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். பழைய கிறீஸைப் பல் துலக்கும் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவினாள். ரிஸ்னா மருந்துக்கடையில் வாங்கித் தந்த ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வில்லையைத் துடைத்தாள்.

திரும்பப் பூட்டியபோது எல்லாம் புகைபோலத் தெரிந்தது. அழுகை வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் வில்லையை முன்பின்னாக மாற்றிப் போட்டது தெரிந்தது.

அதைத் திருத்திய மூன்று கிழமையும் அவளுக்கு வீடு கொஞ்சம் பெரிதானது போலிருந்தது. அவன் அழைக்கும்போது மட்டும் பழையபடி சுவர்கள் நெருங்கி வந்தன. ஒருநாளும் அவன் முகம் காட்டிக் கதைத்ததில்லை. வேலையிடத்தில் வீடியோ அழைப்புக்குத் தடை என்பான்.

“நான் எங்க இருந்தாலும் உன்னைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்,” என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் வைப்பான். அன்பாகச் சொல்வதாகவே முதலில் நினைத்திருந்தாள்.

நான்காவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. அரைநிலவு வெளிறிப்போய் உச்சிவானில் நின்றது.

நிலவைப் பிடிக்குமுன் ஒரு வேலை இருந்தது. குழாயின் மேலிருந்த குறிபார்க்கும் சின்னக் குழாயைப் பெரிய குழாயோடு நேர்ப்படுத்த வேண்டும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே தூரத்தில் அசையாமல் நிற்கும் ஒன்றை வைத்து அதைச் செய்யும்படி வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

துறைமுகக் குடாவின் அக்கரையில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நின்றது. தேனுகா குழாயை அதற்கு நேரே திருப்பினாள். கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. இந்த மாதிரித் தொலைநோக்கியில் அப்படித்தான் தெரியும் என்று படித்திருந்தாள். திருகை மெல்ல அசைத்தாள். கோபுரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று கிழமைக்கு முன் குப்பையாகக் கிடந்த பொருள் இது. கண்ணை எடுக்காமல் குழாயை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஓடுகள் கீழும் வாசல்கள் மேலுமாக அக்கரை வீடுகள் ஊர்ந்தன. ஒரு நீல மதில். ஒரு முருங்கை மரம். கொடியில் காயும் உடுப்புகள்.

அங்கே அவள் கை நின்றுவிட்டது.

தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. கண்ணை வில்லையில் வைத்தபடியே எடுத்துக் காதில் வைத்தாள்.

“எங்க நிக்கிறாய்? கமெராவில ஒண்டிலயும் உன்னைக் காணேல்ல.”

“மாடியில.”

“அந்தக் குழாயோடயோ?”

“ஓம்.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? ஆரும் வந்து நிக்கினமோ?”

“ஒருத்தரும் இல்லை.” அவள் மற்றக் கையால் முக்காலியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழாய் ஆடக்கூடாது. “நீங்கள் எங்க நிண்டு கதைக்கிறீங்கள்?”

“எங்க நிக்கிறது? இப்பதான் வேலை முடிஞ்சு அறைக்கு வந்து கட்டில்ல சாஞ்சனான். வெளிய தலை காட்ட ஏலாது, அப்படி வெயில்.”

ஒரு முறை கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தாள். குவியம் சரியாகத்தான் இருந்தது.

“என்ன பேச்சைக் காணேல்ல? கதைக்கிறது கேக்குதோ இல்லையோ?” அவன் குரல் உயர்ந்தது. “இப்பவே கீழ இறங்கி வந்து விறாந்தைக் கமெராவுக்கு முன்னால நில். நான் உன்னைப் பாக்கோணும்.”

“வாறன்,” என்றாள் தேனுகா. “முதல்ல உங்கட காலைக் கட்டிக்கொண்டு அழுற பிள்ளையைத் தூக்குங்கோ.”