முப்பதாம் நம்பர்

“இன்னிக்கு முப்பதாம் நம்பரைக் கூப்பிட்டாங்கன்னா நாம எல்லாரும் காலி!” என்றாள் லீடர்.

பன்னிரண்டாம் வகுப்பு ‘இ’ பிரிவுக்கு அன்றுதான் கடைசி வகுப்பு. நாளை முதல் படிப்பு விடுமுறை, அப்புறம் பரீட்சை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நன்னடத்தைச் சான்றிதழ்களை எடுத்துவர டீச்சர் ஆபீசுக்குப் போயிருந்தார். வந்ததும் வரிசையாக நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்.

பதிவேட்டில் முப்பது பேர். வகுப்பில் இருந்ததோ இருபத்தொன்பது பேர். முப்பதாம் நம்பர் என்று ஒருவன் கிடையவே கிடையாது.

“எல்லாம் உன்னாலதான்!” என்று லீடர் வாயாடியை முறைத்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன், பத்தாம் வகுப்பின் முதல் நாள். டீச்சர் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தார். முப்பதாவது பெயருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு பையனை யாருக்கும் தெரியாது; ஆபீசில் யாரோ தப்பாகச் சேர்த்திருக்க வேண்டும். வாயாடிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. குரலை மாற்றி, “உள்ளேன் டீச்சர்!” என்றான்.

டீச்சர் தலை நிமிராமல் டிக் போட்டுவிட்டார். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், ஆள் தெரியவில்லை போல என்று வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மறுநாள் நிறுத்தினால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் நிறுத்தவில்லை. மூன்று வருடமும் அதே டீச்சர், அதே ‘உள்ளேன்’.

“அவன் வீட்டுப்பாடத்தை எழுதியே என் விரல் தேஞ்சு போச்சு” என்றான் நெட்டை.

“கணக்கு டெஸ்ட்டை வாயாடி எழுதிக் கொடுத்தான். பாவம் முப்பது, பதினெட்டு மார்க் வாங்கினான்!”

“உடனே அப்பாவைக் கூட்டிட்டு வான்னுட்டாங்களே! வெளியூர்ல இருக்காரு, வெளியூர்ல இருக்காருன்னு சொல்லிப் பார்த்து, கடைசியில அந்த மனுஷனைக் கப்பல் வேலைக்கே அனுப்பிட்டோம்.”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் முப்பதுதான். லேபில் குடுவை உடைந்தாலும் முப்பதுதான். அத்தனை பழியையும் சுமந்த நல்லவன்!

சுவரில் சாய்ந்திருந்த ஒல்லிக்குச்சி மெதுவாகப் பேசினாள்.

“நான் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேனே... தினமும் பாடத்தை எழுதி, கீழே ‘இப்படிக்கு முப்பது’ன்னு போட்டு அனுப்புவீங்க. ‘நீ இல்லாம கடைசி ரேங்குக்கு நான் தனியாப் போராட வேண்டியிருக்கு, சீக்கிரம் வா’ன்னு ஒருநாள் வந்துச்சு. அதைப் படிச்சப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குச்சு.”

வாயாடி வட்டத்தின் நடுவே நகர்ந்து வந்தான்.

“நாமளே உண்மையைச் சொல்லிடலாம்” என்றான் வாயாடி. “ஆரம்பிச்சது நான். நடத்தை மோசம்னு எனக்கு மட்டும் எழுதிக்கட்டும்.”

“அதெப்படி உனக்கு மட்டும்? அவனை வளர்த்தது நாம எல்லாரும்” என்றாள் லீடர்.

டீச்சர் உள்ளே வந்தார். இருபத்தொன்பது பேரும் சேர்ந்து எழுந்து நின்றார்கள். 

“டீச்சர், முப்பதாம் நம்பர்...” என்று ஆரம்பித்தாள் லீடர். “அப்படி ஒருத்தனே இல்ல டீச்சர். மூணு வருஷமா நாங்கதான் அவனுக்குப் பதிலா...”

டீச்சர் சான்றிதழ்க் கட்டை மேஜைமேல் வைத்தார்.

“அவனா? கப்பல்காரர் குடும்பத்தோட ஊரு மாறிப் போறாராம். போன வாரமே டீ.சி. கொடுத்து அனுப்பிட்டேன்.”

வகுப்பே விழித்தது.

“அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?”

“முதல் நாளே தெரியும். அந்தப் பேரைப் படிக்கும்போதே எனக்குப் பயம். ‘உள்ளேன்’னு குரல் வந்ததும் நிமிர்ந்து பார்க்கக்கூடத் தைரியம் வரல.”

“உங்களுக்கு எதுக்கு டீச்சர் பயம்?” என்றான் வாயாடி.

டீச்சர் கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அடக்க முடியாத சிரிப்பில் அவருடைய தோள் குலுங்கியது.

“முப்பது பேர் சேர்ந்தாத்தான் ‘இ’ பிரிவு, இல்லேன்னா கலைச்சு உங்களை மத்த நாலு வகுப்புக்கும் பிரிச்சுப் போட்டுடுவோம்னு மேலே கறாராச் சொல்லிட்டாங்க. வந்து சேர்ந்ததோ இருபத்தொன்பது பேர். அதான், முப்பதாவது பேரை நானே எழுதிச் சேர்த்தேன்!”