பின்பக்க வழி

"இந்த ரெண்டுல எது மெதுவா குணமாகும் டாக்டர்?"

கையிலிருந்த பிளாஸ்டிக் இடுப்பெலும்பை மருத்துவர் மேசைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு எழுபது வயதாவது இருக்கும். வாய் தவறிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தார்.

"சீக்கிரம் குணமாகறதைத்தானே கேக்கறீங்க?"

"இல்ல. மெதுவா."

அவள் கணவர் முந்தின நாள் வீட்டுக்குள்ளேயே விழுந்து, இடுப்புக்குக் கீழே தொடையெலும்பை முறித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயதில் அது தானாக ஒன்றுசேராது. செயற்கை மூட்டு வைத்தாக வேண்டும். முன்பக்கமாகத் திறப்பதா பின்பக்கமாகத் திறப்பதா என்பதுதான் கேள்வி.

மருத்துவர் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார். "முன்பக்கம்னா தசையை அதிகம் வெட்டாம ஒதுக்கிட்டு உள்ள போவோம். ஆரம்பத்துல வலி கம்மி, சீக்கிரம் எழுந்து நடப்பார். பின்பக்கம்னா தசையை வெட்டித் திரும்பத் தைக்கணும். கொஞ்ச காலம் குனியக்கூடாது, கால்மேல கால் போடக்கூடாது. மீறினா மூட்டு நழுவிடும். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"நழுவினா?"

"வலி உயிர் போகும். திரும்ப இங்கதான் தூக்கிட்டு வரணும்."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பின்பக்கம்னா ரொம்ப நாள் வாக்கர் பிடிக்கணுமோ?"

"ஆளைப் பொறுத்தது. சில வாரம் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம்."

"ரெண்டு கையாலயும் பிடிக்கணுமா?"

"ஆமா. ஒரு கையை எடுத்தாக்கூடத் தடுமாறிடுவார்."

"அப்ப பின்பக்கமே வைங்க," என்றாள், துணிக்கடையில் புடவையைத் தேர்ந்தெடுத்தவள் போல.

அழுகிற மனைவிகளையும், ஆபரேஷனே வேண்டாம் என்று கும்பிடுகிற பிள்ளைகளையும் அவர் பார்த்திருக்கிறார். எது மெதுவாகக் குணமாகும் என்று கேட்டு அதையே தேர்ந்தெடுக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"இதை அவர்தான் முடிவு பண்ணணும்மா," என்று எழுந்துகொண்டார்.

வார்டில் கிழவர் நர்ஸைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். "ஹாரன் அடிக்காம ஊசி போட்டா லைசென்ஸைப் பிடுங்கிடுவேன் சிஸ்டர்." வந்த ஒரே நாளில் வார்டுக்கே செல்லமாகிவிட்டார்.

நர்ஸை அனுப்பிவிட்டு மருத்துவர் இரண்டு வழிகளையும் அவருக்கு விளக்கினார்.

"சீக்கிரம் எழுந்து நிக்கற வழி எதுவோ அது, தம்பி," என்றார் கிழவர். "வீட்ல ஒரு வேலை பாதியில நிக்குது."

"எப்படி விழுந்தீங்க ஐயா?"

சிரிப்பு அடங்கியது. கிழவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களோட இருக்கட்டும். அவதான் தள்ளிவிட்டா."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கட்டினவளை எப்படி தம்பி காட்டிக்கொடுக்கறது?" கிழவரின் கண்கள் கலங்கின. மருத்துவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

அறையில் அவள் எழுந்திருக்கவே இல்லை. பிளாஸ்டிக் எலும்பை மடியில் வைத்துக்கொண்டு, மூட்டின் பந்தைக் குழியிலிருந்து வெளியே இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் டக்கென்று ஒரு சத்தம். மருத்துவர் கதவைச் சாத்தினார்.

"ஆபரேஷன் முன்பக்கமாத்தான். அவர் அதைத்தான் கேக்கறார்."

முதல்முறையாக அவள் முகம் வெளிறியது. விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"இன்னொண்ணு. போலீஸுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டயே நேரா கேக்கறேன். அவரை நீங்க தள்ளினீங்களா?"

"அப்படிச் சொன்னாரா?"

"சொன்னார். அதுவும் உங்களுக்கு எதுவும் ஆயிடக்கூடாதேன்னு பயந்து பயந்து சொன்னார்."

அவள் எலும்பைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். அழவில்லை. கோபமும் படவில்லை. சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கையை ஓங்கிட்டு வந்தார் டாக்டர். இந்தத் தடவை நான் நகர்ந்துட்டேன்."