மேல் மண், அடி மண்

மேல் மண்ணில் உப்பு. ஓரடிக்குக் கீழே உப்பே இல்லை.

வசந்தகுமாரி உப்பு மீட்டரை நம்பாமல் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். மீட்டர் பொய் சொல்லவில்லை. எதிரில் நின்ற வயல்காரி பேச்சியம்மாதான் திருதிருவென்று முழித்தாள்.

கடல் ஏறிக் கெடுத்த வயல் என்றால் உப்பு அடிவரை இறங்கியிருக்கும். இது குடத்தில் கொண்டுவந்து ஊற்றிய உப்புத் தண்ணீர்.

அந்தமானில் ரங்கத் ஊருக்குப் பக்கத்தில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியோரமாக இருந்த அந்தக் குடியிருப்பில், மண் கெட்டுப்போன வயல்களைக் கணக்கெடுக்கத்தான் அவள் போர்ட் பிளேரிலிருந்து வந்திருந்தாள். உப்பு ஏறிய வயல்காரர்களுக்கு மலைப்பக்கம் மாற்று நிலம். மற்றவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். மேட்டில் இருந்ததால் கடலுக்குத் தப்பியது பேச்சியம்மாவின் வயல் ஒன்றுதான்.

விளைகிற மண்ணில் கைகூசாமல் உப்பை ஊற்றியிருக்கிறாளே என்று வசந்தகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது நிலத்துக்கு இத்தனை ஆசையா? கேட்டேவிட்டாள்.

"ஊரே போகுது மேடம்ஜி. சொர்ணமும் போயிருவா. நான் மட்டும் இங்க யாரு மூஞ்சில முழிக்க?"

வசந்தகுமாரி பைகளை எடுத்தாள். மேல் மண் ஒரு பை, அடி மண் ஒரு பை என்று கட்டிக்கொண்டாள். ஒரு வயலுக்கு ஒரு பைதான் லேபுக்குப் போகும். எதை அனுப்புவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சொர்ணம்மாவின் வயல். கழியை ஒட்டியே கிடந்தது. வரப்போரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இதைச் சோதிக்கவே வேண்டாம் என்று நினைத்தபடிதான் நடு வயலில் துளைப்பானை இறக்கினாள்.

மேல் மண்ணில் உப்பே இல்லை. ஓரடிக்குக் கீழே வாயில் வைக்க முடியவில்லை.

குனிந்து பார்த்தாள். நடுவில் மட்டும் மண் வேறு நிறமாக இருந்தது. மேட்டு மண். சர்வேக்காரர்கள் நடுவில்தான் தோண்டுவார்கள் என்று ஊருக்கே தெரியும். கூடை கூடையாகச் சுமந்து கொட்டியிருக்கிறாள்.

"என் வயலும் நல்லாருக்குன்னு எழுதிருங்க மேடம்ஜி. பேச்சியக்கா இங்க தனியா என்ன பண்ணும்?" என்றாள் சொர்ணம்மா.

வசந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தியிடம் ஒருத்தி வாயே திறக்கவில்லை போலிருக்கிறது. இங்கேயும் மேல் மண் ஒரு பை, அடி மண் ஒரு பை என்று கட்டிக்கொண்டாள்.

இரண்டு வயலிலிருந்தும் அடி மண்ணை அனுப்பினாலும் இவர்கள் பிரிந்துவிடுவார்கள். மேல் மண்ணை அனுப்பினாலும் பிரிந்துவிடுவார்கள்.

கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஜீப்பில் ஏறுமுன் பேச்சியம்மாவின் அடி மண்ணையும் சொர்ணம்மாவின் மேல் மண்ணையும் பாதையோரம் கொட்டினாள்.

லேபுக்குப் போன இரண்டு பைகளிலும் உப்புதான்.