தலைக்கு ஒரு மணி

ஏரியின் நடுவிலிருந்து மணி ஐந்து முறை அடித்தது.

கடைக்காரி எண்ணெய்ச் சட்டியில் நான்கு மீன்களைப் போட்டாள்.

அவள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியல், பெயர்ப்பலகை என்று எதுவும் கிடையாது. ஆளுக்கொரு மீன், ஒரு தட்டுச் சோறு, கேட்டால் இன்னொரு கரண்டி குழம்பு. மலையிறங்கி வரும் பஸ் அக்கரையோடு நின்றுவிடும். பசியோடு இறங்குகிறவர்களை அவள் கணவன்தான் படகில் ஏற்றி வருவான். பாதி தூரம் வந்ததும் படகு மணியின் கயிற்றை இழுப்பான், தலைக்கு ஒரு மணி. பனிமூட்டத்தில் படகு தெரியாவிட்டாலும் மணி கேட்கும். அவன் கரை சேர்வதற்குள் மீன் வெந்திருக்கும்.

இரண்டு வருடமாக மணி ஒன்று கூடுதலாகக் கேட்கிறது.

மூன்று பேர் வந்தால் நான்கு. ஆறு பேர் வந்தால் ஏழு. கடைசி மணி மட்டும் சோம்பலாக இருக்கும், மோதிர விரலால் தட்டிவிட்டதுபோல.

அப்படித் தட்டுகிறவள் அவளுடைய நாத்தனார்.

கயிற்றை இழுக்க அந்த மகராணிக்குக் கை வணங்காது. அண்ணனோடு படகில் வரும்போதெல்லாம், அவன் அடித்து முடித்ததும் தன் பங்குக்கு மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டுவாள். எனக்கும் ஒரு மீன் என்று அர்த்தம். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுவாள்.

இரண்டு பேருக்கும் சண்டை வராத நாள் இல்லை. ஆனால் ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்திக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் குழம்பில் உப்பு கூடிவிட்டது. யார் போட்டது என்பதில் பேச்சு முற்றியது. நாத்தனார் கோபித்துக்கொண்டு சின்னப் படகை அவிழ்த்தாள்.

"போ போ. திரும்பி வந்தா உனக்கு இங்க தட்டு கிடையாது!"

கடைக்காரி வாசலில் நின்று கத்தியது அது. வழக்கமாகக் கத்துவதுதான்.

பனி விலகியபோது சின்னப் படகு மட்டும் ஏரியில் மிதந்தது.

கணவன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அதற்குப் பதிலாக இந்த மணி. கருமாதி முடிந்து படகெடுத்த முதல் நாளே, கடைசியில் அந்த ஒற்றைத் தட்டல் கேட்டது. தங்கை தட்டுவதுபோலவே தட்டுகிறான், என்னைக் குத்திக் காட்டத்தான் தட்டுகிறான் என்று நினைத்தாள். வாயைத் திறக்காமல் ஜன்னலோரத்தில் ஒரு தட்டை வைத்தாள். மறுநாளும் வைத்தாள். தினமும் அந்த மீன் ஆறிப்போய்ப் பூனைக்குப் போனது. தட்டை அவளேதான் கழுவி எடுத்து வைத்தாள்.

மனுஷிதானே, எத்தனை நாள் தாங்குவாள்?

இன்று காலையில் அந்தத் தட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஏன் தட்டு வைக்கவில்லை என்று அவன் கேட்கட்டும். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

படகு கரை தட்டியது. ஆட்கள் காலை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான்கு பேர் உட்கார்ந்தார்கள்.

ஐந்தாவதாக ஒருவர், நனைந்த குடையோடு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

கணவன் கடைசியாக வந்தான். மேஜையைப் பார்த்தான். சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு தட்டு குறையுதே, அஞ்சு அடிச்சது கேக்கலையா?"

"இன்னிக்கு மட்டும் ஏன் சரியா அடிச்சீங்க?" என்றாள்.

அவன் விழித்தான்.

"நான் என்னிக்குத் தப்பா அடிச்சேன்? நீதான் அவளுக்குன்னு ஒரு தட்டு கூட வைக்கிறே. உன் மனசு நோகக் கூடாதுன்னு நான் இத்தனை நாளா கேக்கலை."

மீன் சட்டியில் தீய ஆரம்பித்தது. அவள் திருப்பவில்லை. அவனே கரண்டியை வாங்கித் திருப்பிப் போட்டான்.

அவள் ஐந்து மணிகளையும் நினைத்துப் பார்த்தாள். ஐந்தும் அழுத்தமாக, கயிற்றை இழுத்து அடித்த மணிகள். சோம்பலான மணி இன்றைக்கு இல்லை.

தட்டு கிடையாது என்று இரண்டாவது தடவையும் நாத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது.

கடைக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கவிழ்த்து வைத்திருந்த தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். சட்டியில் இன்னும் இரண்டு மீன்களைப் போட்டாள். ஒன்றைக் குடைக்காரருக்குக் கொடுத்தாள். இன்னொன்றைச் சோற்றோடு ஜன்னலோரத்தில் வைத்தாள்.

குடைக்காரர் அந்த நாற்காலியில் கை வைத்தார். கணவன் அவரை நாசூக்காக அடுத்த மேஜைக்கு அழைத்துப் போனான்.

வெளியே, கட்டிப் போட்ட படகில் யாரும் இல்லை. காற்றும் இல்லை.

'டிங்.'

சாப்பிடுகிறவர்கள் தலை நிமிரவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கணவனின் கையில் தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது. அவன் ஏரிப் பக்கம் திரும்பினான். பிறகு அவளைப் பார்த்தான்.

குவளையை மேஜையில் வைத்துவிட்டு, அந்த ஜன்னலோர நாற்காலியை, ஒருவர் உட்காரும் அளவுக்கு, மெல்லப் பின்னால் இழுத்து வைத்தான்.