பதினோரு இலக்கங்கள்

“என் பேர்ல இருக்கிறதை எல்லாம் இப்பவே அழி, வால்மிர். அழிச்சாத்தான் நகருவேன்.”

பிரேசிலின் ஒலிண்டா நகரத்து ஏற்றத் தெரு ஒன்றில் பள்ளி வேனைக் கோணலாக நிறுத்திவிட்டு, மருந்துக்கடைக்குள் ஓடி வந்திருந்தாள் ஜுரேமா. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு வந்ததில் மூச்சு வாங்கியது.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த வால்மிர், கடித்துக்கொண்டிருந்த மரவள்ளி அடையைக் கீழே வைத்தான். “காபி குடிச்சீங்களாக்கா?”

“காபிதான் இப்ப குறைச்சல். அழிக்கச் சொன்னா அழிச்சே ஆகணும்னு சட்டம் இருக்கு. ரேடியோல சொன்னான்.”

“இருக்கு. நான் இல்லைன்னா சொன்னேன்? என்ன அவசரம்னு கேக்கறேன்.”

ஜுரேமா குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்கு வேனுக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கணும். யார் என்ன மருந்து வாங்கினாங்கங்கிற பட்டியலை அந்தக் கம்பெனிக்காரங்க மருந்துக்கடைகள்ல காசு கொடுத்து வாங்கிப் பாக்கறாங்களாம். நான் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடறது அவங்களுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். அங்க தெரிஞ்சா அம்மாக்களுக்குத் தெரியும். அப்புறம் எவ பிள்ளையை என் வண்டியில ஏத்துவா?”

“வண்டி ஓட்டலாம்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரே.”

“டாக்டர் பிள்ளையா என் வண்டியில வருது?”

ஆறு மாதத்துக்கு முன் முதன்முதலாக அந்த மாத்திரையை வாங்க வந்தபோதே தயங்கினாள். ஆனால் அரசு அடையாள எண்ணைச் சொன்னால்தான் பாதி விலை. வேறு வழியில்லாமல் பதினோரு இலக்கங்களையும் சொல்லித் தொலைத்தாள்.

“அழிக்கிறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாத்துடுங்க. அதுவும் உங்க உரிமைதான்” என்று பொத்தானைத் தட்டினான் வால்மிர்.

அச்சு இயந்திரம் காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. கவுண்டரைத் தாண்டி, தரையைத் தொட்டும் நிற்கவில்லை.

படிக்கப் படிக்க ஜுரேமாவின் முகம் சிவந்தது. “பேன் ஷாம்பு ஒன்பது பாட்டில். டயப்பர். வழுக்கைத் தைலம். பல்செட் பசை. கர்ப்பமான்னு பாக்கிற அட்டை... ஏண்டா, எனக்கு அம்பத்தி மூணு வயசு. ஒண்டியா இருக்கேன். இதெல்லாம் நானா வாங்கினேன்?”

“படிக்கிறவன் உங்க வீட்ல முப்பது பேர் இருக்காங்கன்னு நினைப்பான்.”

“சிரிக்காதே. எவளோ என் எண்ணைத் திருடியிருக்கா. நேரா போலீஸுக்குத்தான் போறேன். ஆமா, இதுல என் மாத்திரை எங்கே?”

“தேடுங்க.”

மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை விரலை ஓட்டினாள். கண்ணில் படவில்லை. மூன்றாவது தடவைதான் தெரிந்தது; இருமல் மருந்துக்கும் சேற்றுப்புண் களிம்புக்கும் நடுவே ஒரு வரியாகப் பதுங்கியிருந்தது.

“ஒருத்தி இல்லக்கா, பதினாலு பேர்” என்றான் வால்மிர். “யாரும் அவங்க எண்ணைச் சொல்றதில்லை. எது வாங்கினாலும் உங்க எண்தான்.”

“யாருடா அந்தப் பதினாலு திருடிங்க? பேரைச் சொல்லு.”

வால்மிர் காகிதத்தை மெதுவாகச் சுருட்டினான்.

“அன்னிக்கு எண்ணைச் சொல்லிட்டு, ‘இது வெளியே போயிடாதுல்ல?’ன்னு என்கிட்ட அழுதீங்களே, அப்ப வரிசையில உங்க பின்னாடி ரெண்டு பேர் நின்னாங்க. உங்க ஒரு வரி கூட்டத்துல மறைஞ்சு போகட்டும்னு மறுநாளே மத்தவங்களையும் சேத்துக்கிட்டாங்க. எல்லாரும் யாருன்னா கேக்கறீங்க? தினமும் காலையில உங்க வேன்ல பிள்ளைங்களை ஏத்திவிட்டுக் கையசைக்கிற அம்மாக்கள்தான்.”