மூடியைக் கழற்றினால் ஒன்றுதான்

மெக்கானிக் ஜெசிந்தாவின் மேசைமேல், கார் என்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள் இரண்டு கிடந்தன. ஒன்று, நொறுங்கிப்போன மலிவு மாடல் காரிலிருந்து கழற்றியது. அடுத்து அதற்குக் காயலான் கடைச் சாக்குதான். மற்றது, அதே கம்பெனியின் உசத்தி மாடலிலிருந்து ரிப்பேருக்கு வந்தது.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா. நான் டாப் மாடல்," என்றது உசத்திப் பெட்டி.

மலிவுப் பெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன பெரிய டாப்? மூடியைக் கழற்றினா நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான். உள்ளே எழுதின புரோகிராம் மட்டும்தான் வேற. என் வேகத்தைப் பூட்டிட்டு, உனக்குத் திறந்துவிட்டாங்க. இதுல உன் சாமர்த்தியம் எங்கே வந்துச்சு?"

"அதெல்லாம் பிறவியிலேயே வரணும்மா."

"பிறவியாம் பிறவி! ரெண்டு பேரும் ஒரே ஃபேக்டரிதானே?"

அதற்குள் ஜெசிந்தா வந்துவிட்டாள். உசத்திப் பெட்டியில் வயர் மாட்டுகிற பின்கள் துருப்பிடித்து ஒடிந்திருந்தன. உதட்டைப் பிதுக்கியவள், அதன் புரோகிராமை லேப்டாப்பில் இறக்கி மலிவுப் பெட்டிக்குள் ஏற்றினாள். உசத்திப் பெட்டியைக் காயலான் கடைச் சாக்கில் வீசினாள்.

மலிவுப் பெட்டிக்குள் என்னவோ திறந்துகொண்டது. அடேயப்பா, இவ்வளவு வேகமா! ஜெசிந்தாவின் கையில் ஏறி, உசத்திக் காரைப் பார்க்கக் கிளம்பியது.

"தங்கச்சி!" சாக்குக்குள்ளிருந்து குரல் கெஞ்சியது. "நீ சொன்னதுதான் நியாயம். மூடியைக் கழற்றினா நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

"யாருக்கு யாரு தங்கச்சி?" என்றது அது. "அதெல்லாம் பிறவியிலேயே வரணும்மா."